புதுக்கணக்கின் முதல் வரி

மளிகைக் கடையிலோ ஜவுளிக் கடையிலோ புதுக்கணக்கு போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சித்திரை முதல் நாள், விஜயதசமி, தீபாவளி என்று கடைக்குக் கடை நாள் மாறும். சடங்கு ஏறக்குறைய ஒன்றுதான். நீளவாக்கில் தைத்த புது நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, வெற்றிலை பாக்கோடு சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். கற்பூரம் காட்டியதும் முதலாளி பேனாவை எடுத்து மங்கலத்துக்காக ஏதோ ஒரு சின்ன வரவை எழுதுவார். வந்தவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து உண்மையான முதல் வரியை எழுதுவார். போன ஆண்டுப் பேரேட்டிலிருந்து கொண்டுவந்த இருப்புதான் அந்த வரி. அதற்குக் கீழே பழைய பாக்கிகள் வரும்: யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு நாம் எவ்வளவு தர வேண்டும்.

நோட்டு புதிது, மஞ்சள் புதிது, மை புதிது. கணக்கு மட்டும் நேற்றையது. முந்தாநாள் திறந்த கடைக்குக்கூட முதல் வரியில் போட்ட முதல் என்று ஒன்று இருக்கும். வியாபாரிகளுக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. தொழில் தொடர்ந்து நடப்பதற்கே அதுதான் அடையாளம்.

ஜனவரி 1-ஆம் தேதி நாம் செய்வது இதற்கு நேர்மாறு. முன்பின் தெரியாத ஒரு புது மனிதராக அன்று காலை எழுந்துவிடப் பார்க்கிறோம். இனிமேல் கோபப்பட மாட்டேன், இனிப்பைத் தொட மாட்டேன், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவேன், செல்போனை ஒன்பது மணிக்கே வைத்துவிடுவேன். பழைய இருப்பைப் பார்க்காமல் போட்ட கணக்கு பொங்கலுக்குள் நின்றுபோகிறது. அதோடு முடிந்தால் பரவாயில்லை. ‘எனக்கு மன உறுதி கிடையாது’ என்ற எண்ணம் ஆண்டுக்காண்டு தடித்துக்கொண்டே போகிறது. எத்தனையோ பொறுப்புகளை ஒழுங்காகச் சுமக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தால் தங்களைத் தாங்களே மட்டமாக நினைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. புத்தாண்டுக்கு இத்தனை கடுமை தேவையில்லை.

கணக்குப்பிள்ளையும் நீதிபதியும்

செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில், கடையில் உட்கார்ந்தது பெரும்பாலும் முதலாளி அல்ல; ஊரிலிருந்து அனுப்பப்பட்ட மேலாள். வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அன்றாடக் குறிப்பிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து ஐந்தொகை என்று கணக்கு படிப்படியாக ஏறும். வராக்கடனும் நட்டமும் லாபத்தோடு அதே தாளில்தான் இருக்கும். நட்டத்தை மறைத்தால் ஐந்தொகை நேராகாது. அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாலும் நேராகாது. என்ன வந்தது, என்ன போனது, என்ன கையில் நிற்கிறது என்று உள்ளபடி எழுதினால்தான் நேராகும்.

ஆண்டு முடிவில் நம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க உட்காரும்போது நமக்கு இந்த நிதானம் வருவதில்லை. பேனாவைத் திறந்ததுமே தீர்ப்பு எழுத ஆரம்பிக்கிறோம். ‘உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை’ என்பது கணக்கு அல்ல, தீர்ப்பு. அந்த ஒரு வரிக்குப் பிறகு மனசு வாயைத் திறக்காது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட யார்தான் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்?

நீரோ மன்னனுக்கு ஆசானாக இருந்த செனெகா, கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் தன்னுடைய இரவு வழக்கம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். விளக்கை எடுத்துப் போன பிறகு, அவருடைய பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகு, அன்றைய பொழுது முழுவதையும் தனக்குள் ஓட்டிப் பார்ப்பாராம். இன்ன வாக்குவாதத்தில் தேவைக்கு மேல் சூடாகிவிட்டாய், இன்னாரைத் திருத்தப் போய் மனம் நோகச் செய்துவிட்டாய் என்று சம்பவம் சம்பவமாக எடுத்து வைப்பார். எதையும் ஒளிக்க மாட்டார். இனி வேண்டாம், இந்த முறை மன்னித்தேன் என்று தனக்கே சொல்லிக்கொள்ள முடிகிறபோது ஒளிப்பதற்கு என்ன தேவை என்பது அவர் கேள்வி. மன்னிப்பு முன்கூட்டியே கிடைத்துவிட்டதால்தான் அவரால் அவ்வளவு வெளிப்படையாகப் பார்க்க முடிந்தது. தன்னிடம் இளக்கமாக நடந்துகொண்டால் சோம்பேறி ஆகிவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். கறாராகக் கணக்குப் பார்ப்பதற்கே அந்த இளக்கம் வேண்டியிருக்கிறது.

சுவரில் தொங்கும் ஆண்டு

நினைவை மட்டும் நம்பி ஆண்டுக் கணக்கு எழுதக் கூடாது. கடைசி இரண்டு மாதமும் வாங்கிய அடிகளும்தான் நினைவில் முன்னால் வந்து நிற்கும். ஜனவரியும் பிப்ரவரியும் போன பிறவி மாதிரி இருக்கும். அதனால் முதலில் ஆவணங்களை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவை எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே பூசை போட்டு அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். அங்கிருந்து கிளம்பி ஏதோ ஒரு நகைக்கடை பெயரையோ அரிசி மண்டி பெயரையோ தாங்கி நம் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேரும் மாதக் காலண்டரைப் பாருங்கள். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி. சிலிண்டர் மாற்றிய தேதியில் ‘கேஸ்’. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஒரு வட்டம். எண்ணெய்க் கையோடு எழுதியதால் மங்கிப்போன ஒரு போன் நம்பர். இரத்தப் பரிசோதனை, சீட்டுப் பணம், சித்தி வருகை. இதோடு செல்போனில் உள்ள புகைப்படங்களையும் ஜிபேயில் பணம் போன பட்டியலையும் சேர்த்து மாதம் மாதமாக வைத்துப் பார்த்தால், நாம் மறந்துபோன ஆண்டு எழுந்து வந்துவிடும்.

போன டிசம்பரில் எங்கள் வீட்டுக் காலண்டரை இப்படிப் புரட்டினேன். என் மனசில் அது ‘எழுத்து வேலை ஒன்றுமே ஓடாத ஆண்டு’. ஜூலை மாதக் கட்டங்களில் அம்மாவின் கையெழுத்தில் மருந்து நேரங்கள் வரிசையாக இருந்தன. ஆகஸ்டில் ஒரு கட்டத்தில் ‘வாசல் வரை’ என்று எழுதியிருந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா கைத்தடியோடு வாசல் வரை நடந்த நாள் அது. ஜிபே பட்டியலில் அந்த வாரங்களில் ஒரே ஆட்டோ ஓட்டுநருக்குத் திரும்பத் திரும்பப் பணம் போயிருந்தது. பிசியோதெரபி முடியும் வரை வாசலிலேயே காத்திருந்து அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்த அண்ணன் அவர். அந்த ஆண்டின் வரவில் நான் முதலில் எழுதியது அவரைத்தான்.

வரவை முதலில் எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். செலவிலிருந்து தொடங்கினால் பக்கம் நிரம்பிவிடும். வரவுக்கு வரும்போது கை ஓய்ந்திருக்கும். கேட்காமலே வந்த உதவி, கற்றுக்கொண்ட ஒரு சின்ன வேலை, வரும் என்று பயந்து வராமல் போன நோய், திரும்பப் பேச ஆரம்பித்த ஒரு சிநேகிதி. டிசம்பர் 31 இரவு நம் ஊர்த் தேவாலயங்களில் நடக்கும் ஆராதனையில் இந்த வரிசை அழகாக அமைந்திருக்கிறது. நள்ளிரவு வரை கடந்த ஆண்டுக்கான நன்றி. அதற்குப் பிறகுதான் புத்தாண்டு. பல சபைகளில் அப்போது ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுப்பார்கள். அந்த ஆண்டு முழுக்கத் தனக்கென்று வைத்துக்கொள்ள ஒரு வசனம் அதில் இருக்கும். அதை வேதாகமத்துக்குள் செருகி வைப்பவர்களும் உண்டு, பீரோ கதவில் ஒட்டி வைப்பவர்களும் உண்டு. ஆண்டின் முதல் நிமிஷத்தில் அங்கே மனிதர் வாக்குக் கொடுப்பதில்லை, பெற்றுக்கொள்கிறார். நம்பிக்கை எதுவானாலும், பெற்றதில் தொடங்குவது நல்ல தொடக்கம்.

பிறகு செலவு. எதில் நேரம் போனது, யாருக்காகத் தூக்கம் போனது, எந்தப் பணம் எந்த ஆசையில் போனது. அதன் பிறகு பாக்கி. போய்ப் பார்க்க வேண்டிய பெரியம்மா, சொல்ல வேண்டிய ஒரு மன்னிப்பு, திருப்பித் தர வேண்டிய புத்தகம். நமக்கு வர வேண்டியவையும் இருக்கும். அவற்றில் சில இனி வரவே வராது. ஒருவர் நம்மிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைப் பல ஆண்டுகளாகப் பாக்கியில் வைத்துக்கொண்டு தினமும் எடுத்துப் பார்ப்பது களைப்பு. வராக்கடன் என்று எழுதி, கீழே கோடு போட்டு, கணக்கிலிருந்து கழித்துவிடலாம். அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. நாம் வசூலுக்கு அலைவது நின்றுபோகும், அவ்வளவுதான்.

நாட்குறிப்பு எழுதத் தொடங்கிப் பிப்ரவரியில் நின்றுபோனவர்களுக்கு ஒரு செய்தி. புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில், நள ஆண்டு ஆவணியில், எழுத ஆரம்பித்து 1761 ஜனவரியில் சாகும் காலம் வரை எழுதினார். தமிழில் இன்றும் நாம் பெருமையோடு பேசும் அந்த நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கும் வடிவத்தில் இடைவெளிகள் உண்டு. விடுபட்ட நாட்கள் உண்டு, நீண்ட காலங்களும் உண்டு. இருப்பவற்றை வைத்துத்தான் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் தெருவையும் துறைமுகத்தையும் சண்டையையும் நாம் அறிகிறோம். உங்கள் நோட்டில் மார்ச் மாதம் வெறுமையாக இருந்தால் இருக்கட்டும்.

பண்டிகை இல்லாத வீடு

போன ஆண்டு ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. வரவு செலவு என்று எழுத உட்காரும்போதே கண் மங்கும்.

சாவு விழுந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை என்பது நம்மிடம் பரவலாக உள்ள வழக்கம். தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பொங்கலுக்கு வாசலில் பானை ஏறாது. பக்கத்து வீடுகளிலிருந்து தூக்கில் பலகாரம் வரும். கொண்டுவருகிறவர்கள் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டு நிற்காமல், ‘பிள்ளைகளுக்குக் குடுங்கக்கா’ என்று வைத்துவிட்டுப் போவார்கள். இந்த வழக்கத்தின் பெயரால் கைம்பெண்களுக்கு இழைத்த கொடுமைகளை நான் மறக்கவில்லை. அவை ஒழிய வேண்டியவை. ஆனாலும் துக்கத்துக்கு ஓராண்டு விடுப்பு என்ற அளவில் இதில் ஒரு பெரிய கருணை இருக்கிறது. சிரி என்று யாரும் சொல்வதில்லை, மீண்டு வா என்று அவசரப்படுத்துவதில்லை. கோலம் போடாத வாசலைப் பார்த்தே தெரு புரிந்துகொள்கிறது.

இன்றைய புத்தாண்டுப் பேச்சில் அந்த விடுப்புக்கு இடமில்லை. செல்போனைத் திறந்தால் எழு, ஓடு, ஜெயி என்ற குரல்கள்தான். துக்கத்தில் இருப்பவர்கள், நோயிலிருந்து எழுந்துகொண்டிருப்பவர்கள், பிரசவமான தாய்மார்கள், வேலை போனவர்கள் இந்த ஜனவரியில் எந்தத் தீர்மானமும் எடுக்க வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, முடிந்தபோது தூங்கினால் போதும். இதை எழுத்தில் பார்க்க வேண்டிய தேவை சிலருக்கு இருக்கும் என்பதால் அழுத்தமாகவே எழுதுகிறேன்.

வலி, காலம், இடம்

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்கள் வரிசையாக வருகின்றன. அரசனுக்குச் சொன்னவைதான். ஆனால் வீட்டில் ஒரு காரியத்தைத் தொடங்குகிறவருக்கும் இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை. எதைச் செய்வது என்று ஆராய்ந்து, தாங்குமா என்று பார்த்து, எப்போது, எங்கே என்று முடிவு செய்வது. நாம் முதல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதி மூன்றையும் விட்டுவிடுகிறோம்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தப் பின்னிரண்டைப் பற்றியதுதான். ‘உடற்பயிற்சி செய்வேன்’ என்று சொல்வதைவிட, இன்ன வேளையில், இன்ன இடத்தில், இன்னது முடிந்ததும் செய்வேன் என்று முன்பே முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் அதை நிறைவேற்றும் வாய்ப்பு கூடுகிறது. காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நடப்பேன். பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததும் நான்கு பக்கம் படிப்பேன். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தைக்குப் போன் செய்வேன். இவையெல்லாம் தாங்கும்.

சுவீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒன்றைச் செய்வேன் என்று எடுத்தவர்களில் 58.9 விழுக்காட்டினர் ஆண்டு முடிவில் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ஒன்றை விடுவேன், தவிர்ப்பேன் என்று எடுத்தவர்களில் அது 47.1 விழுக்காடு. இனிப்பை விடுவதைக் காட்டிலும் சாயங்காலம் ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுவது எளிது. கோபத்தை விடுவது கடினம்; பிள்ளையைத் திட்டத் தோன்றும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது முடியும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வை நான் அடிக்கடி சொல்வேன். ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறக் கிட்டத்தட்ட 66 நாள் ஆகிறது என்று அதிலிருந்து எடுத்துச் சொல்வார்கள். அது நடுவில் விழுந்த எண் மட்டுமே. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை நீண்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று வாரத்தில் அமைந்தது நமக்குத் தீபாவளி வரை இழுக்கலாம். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரு நாள் தவறிப் போனது பழக்கம் உருவாவதைச் சொல்லும்படி பாதிக்கவில்லை. ஒரு நாள் விட்டதும் ‘எல்லாம் போச்சு’ என்று நிறுத்திவிடுகிறோமே, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இனி, ஆய்வுகள் அதிகம் பேசாத ஒரு விஷயம். மன உறுதி குறைவு என்று நாம் நினைப்பதில் பாதி, நேரம் நம் கையில் இல்லாததுதான். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிஷம் அதில் செலவிடுகிறார்கள். அதே வேலையில் கைகொடுக்கும் ஆண்களுக்கு அது 97 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் அடுப்பிலும் துணியிலும் தண்ணீர்க் குடத்திலும் போகிற ஒருவரிடம் ‘உனக்காகத் தினமும் அரை மணி ஒதுக்கு’ என்று சொன்னால், அந்த அரை மணி எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வரும். அதற்கு அவர் தீர்மானம் எடுக்காமலே இருக்கலாம்.

அதனால் புத்தாண்டுத் தீர்மானத்தைத் தனியாளின் சபதமாக வைக்காமல் வீட்டுப் பேச்சாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது பேசலாம். அம்மாவுக்குச் சாயங்காலம் நடக்கப் போக வேண்டும் என்று ஆசை என்றால், இரவுச் சப்பாத்திக்கு மாவு பிசைவது யார் என்பதும் அதே பேச்சில் முடிவாக வேண்டும். மகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றால் கூடத்து டிவி எத்தனை மணிக்கு அணையும்? தாத்தா உப்பைக் குறைக்க வேண்டும் என்றால் அவர் ஒருவருக்கு மட்டும் தனிக் குழம்பா, எல்லோருக்குமே குறைப்பதா? அப்பா சிகரெட்டைக் குறைக்கிறேன் என்றால் சிடுசிடுக்கும் அந்த முதல் இரண்டு வாரத்தை வீடு எப்படிக் கடக்கும்? இதைப் பேசாமல் எடுக்கும் தீர்மானம் ஒருவர் தலையில் மட்டும் ஏறுகிறது.

எத்தனை எடுக்கலாம் என்று கேட்பார்கள். ஒன்று போதும். பழைய இருப்பிலிருந்து அந்த ஒன்றைத் தேடுங்கள். போன ஆண்டு அரைகுறையாகவேனும் நடந்த நல்ல காரியம் எதுவோ, அதையே இன்னும் கொஞ்சம் நீட்டலாம். மூன்று மாதம் நடந்துவிட்டு நிறுத்தினவருக்கு நடை ஏற்கனவே பழக்கம். நீச்சல் கற்கப் புறப்படுவதைக் காட்டிலும் திரும்ப நடக்க ஆரம்பிப்பது அவருக்குக் கைவந்த வேலை. பாக்கிப் பக்கத்தில் உள்ள பெரியம்மாவைப் போய்ப் பார்ப்பதும் ஓர் ஆண்டுக்குப் போதுமான தீர்மானம்தான்.

ஜனவரி 1 தவறிவிட்டால்

தவறட்டும். அந்தத் தேதியில் தனி மகிமை எதுவும் கிடையாது. மதராஸ் கோட்டையில் உட்கார்ந்திருந்த ஆங்கிலேயருக்கே 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-ஆம் தேதி. 1752-இலிருந்துதான் அவர்கள் ஜனவரி 1-க்கு மாறினார்கள். நம் அரசாங்கத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் பிறக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூனில். தமிழ்ப் புத்தாண்டு தையா சித்திரையா என்று 2008-இல் ஒரு சட்டம் வந்து 2011-இல் அது திரும்பவும் போனது. அந்த வாதத்தில் யார் பக்கம் நின்றாலும், தை முதல் நாளும் சித்திரை முதல் நாளும் நம் வீடுகளில் புதுநாளாகவே இருக்கின்றன.

மனசும் இப்படித்தான் இயங்குகிறது. ஹெங்சென் டாய், கேட்டி மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாளுக்குப் பிறகு என்று பல இடங்களில் மக்களின் முயற்சி புதிதாகக் கிளம்புவதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு சின்ன வாசல். நமக்கோ வெள்ளிக்கிழமையும் உண்டு, அமாவாசையும் உண்டு, ஆடி பதினெட்டும் உண்டு.

எடுத்த அந்த ஒரு தீர்மானத்தைப் புதுக் காலண்டரின் ஓரத்தில், பால் கணக்குக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதி வையுங்கள். தைப் பொங்கலன்று ஒரு தடவை, சித்திரை முதல் நாளில் இன்னொரு தடவை வீட்டில் எல்லோருமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஓடினால் ஓடட்டும். ஒத்துவரவில்லை என்றால் அளவைப் பாதியாக்கலாம், நேரத்தை மாற்றலாம், அடித்துவிட்டு வேறொன்று எழுதலாம். மாவு பிசைகிறேன் என்று சொன்னவர் பிசைகிறாரா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.